மாதா காத்திருக்கும் ஒரு மணி நேரம்

வேலை தொடங்குமுன் நான் தாலியைக் கழற்றிவிடுவேன். கடைக்குள் நுழைந்ததும் இடதுபக்கச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. தாலிச் சங்கிலியும் வளையலும் அதில் தொங்கிய பிறகுதான் வெல்டிங் மிஷினின் சுவிட்சில் கை வைப்பேன். கரண்டுக்குக் கழுத்துச் சங்கிலி எது, இரும்புக் கம்பி எது என்று தெரியாது. பொறி ஒன்று சங்கிலிக்கும் தோலுக்கும் நடுவே விழுந்தால் உதறவும் முடியாது. இது எனக்குத் தெரியும், டிரெய்லர் ஓட்டும் என் கணவருக்கும் தெரியும். என் மாமியாரிடம் மட்டும் வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்தும் ஏறவில்லை. கட்டினவன் உயிரோடு இருக்கும்போது தாலியை ஆணியில் மாட்டும் பெண்ணை ராயபுரத்திலேயே தான் பார்த்ததில்லை என்பார். அவன் உயிரோடு இருக்கிறான், நானும் உயிரோடு இருக்க வேண்டாமா என்று கேட்பேன். அதோடு அன்றைய பேச்சு முடியும்.

எங்கள் கடை கல்மண்டபத்தில், மீன் வண்டிகள் போகும் தெருவில் இருக்கிறது. கடை போடுவதற்கு முன் எண்ணூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மற்ற வெல்டர்கள் கையில் இருக்கும் தழும்புகளைப் பதக்கம் மாதிரி காட்டுவார்கள். இது டேங்கர் வேலையில், இது பார்ஜில் என்று கதை வேறு. என்னிடம் காட்ட ஒரு தழும்பும் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு அந்த வெறும் கையைத்தான் நான் காட்டுவேன். தற்பெருமை என்று யாராவது சொன்னால் ஆமாம், தற்பெருமைதான்.

அந்தக் கை சும்மா வரவில்லை. கழுத்துவரை பட்டன் போட்ட பருத்திச் சட்டை, தோல் கையுறை, கணுக்கால் மறைக்கும் ஷூ. பேண்ட்டின் அடியை மடித்துவிட மாட்டேன், மடித்த பேண்ட் பொறிக்கு உண்டியல். வெயில் காலத்தில் உள்ளே வெந்துபோகும், வேகட்டும். கடை வாசலில் தார்ப்பாய் மறைப்பு உண்டு. அப்படியும் வெல்டிங் ராடைப் பற்றவைக்கும் முன் "கண்ணு!" என்று ஒரு குரல் கொடுப்பேன். தெருவில் இருக்கும் மீன்காரம்மா, ஆட்டோ டிரைவர், டீக்கடைக்காரர் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெல்டிங் வெளிச்சத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல ராத்திரி முழுக்க எரிச்சலோடு தவித்தவர்கள் எங்கள் தெருவில் நிறைய பேர் உண்டு. அதனால் என் குரலுக்கு மரியாதை உண்டு.

ஒன்றுக்கு மட்டும்தான் மரியாதை இல்லை. வேலை முடிந்ததும் நான் கிளம்ப மாட்டேன். ஒரு வாளித் தண்ணீரையும் நனைத்த சாக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெல்டு வைத்த இடத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கடையானாலும் சரி, கஸ்டமர் வீடானாலும் சரி. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத பொம்பளை என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் முதல் ஆள் என் மாமியார். ஏன் உட்காருகிறேன் என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வருடம் தேர் உடைந்தது.

எங்கள் பங்குக் கோயிலில் மாதா திருவிழாவுக்குத் தேர்பவனி உண்டு. நான்கு டயர் வைத்த இரும்புச் சட்டம், அதன் மேல் மர மேடை, மேடைமேல் தெர்மாகோல் மேகங்கள், காகிதப் பூ, ஜிகினா, சீரியல் லைட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் மாதா. பவனிக்கு முந்தின நாள் காலைப் பூசை முடிந்ததும் செபம் சொல்லி மாதாவை ஏற்றுவார்கள். ஏறின மாதா பவனி முடியாமல் இறங்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் பைபிளில் இருப்பதைப் போலத்தான் எங்கள் ஜனங்கள் அதைச் சொல்வார்கள்.

அந்த வருடமும் ஏற்றினார்கள். பிறகு கொட்டகையிலிருந்து தேரைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்த்தபோது கீழே மடக்கென்று சத்தம் கேட்டிருக்கிறது. முன் அச்சைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் விரிசல். வழக்கமாகத் தேர் வேலை பார்ப்பவர் அந்த வாரம் ஊரில் இல்லை. மதியம் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் ஸ்கூட்டரில் என் கடைக்கு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பொம்பளை வெல்டு வைத்த தேரை எவன் இழுப்பான் என்று ஒருமுறை கூட்டத்தில் கேட்டவர் அவர்தான். நான் அதை மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை என்பது ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே பேசியதில் தெரிந்தது. உள்ளுக்குள் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மிஷின் ஒயரைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

கோயிலுக்குப் போய்த் தேருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கையளவு விரிசல். மறுநாள் சாயங்காலம் இந்தத் தேரைச் சுற்றித்தான் தெரு நிறைய ஜனம் நடக்கும். சட்டம் விட்டால், முன்னால் கயிறு பிடிக்கிறவர்கள்மேல் மொத்தமும் சாயும். வெளியே வந்து, செய்துவிடலாம் என்றேன். செயலாளர் முகம் மலர்ந்தது. மாதாவை இறக்குங்கள், முன்பாதி அலங்காரத்தைக் கழற்றுங்கள், சீரியல் லைட்டு ஒயரை எல்லாம் பிடுங்குங்கள் என்றதும் மலர்ந்தது வாடிவிட்டது.

அங்கே நாற்பது பேராவது இருந்தோம். இரண்டு நாளாகக் கண்விழித்துத் தெர்மாகோல் வெட்டிய இளைஞர்கள் என்னைக் குழந்தைகளைக் கொன்ற ஏரோதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். விரிசலுக்கு ஒரு முழம் மேலேதான் மர மேடை, அதன் அடியில் ஒட்டிய துணி, அதற்கு மேலே காகிதமும் தெர்மாகோலும். பொறி கீழேதான் விழும் என்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புவதில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொன்னேன். என் பொறுமையின் அளவு என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதில் பாதி அப்போதே தீர்ந்திருந்தது.

பங்குச் சாமியார் ஊருக்குப் புதிது. கமிட்டி முடிவு செய்யட்டும் என்று சொல்லி, பிலாத்து மாதிரி கை கழுவப் பார்த்தார். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏறுன மாதாவ எறக்குனா ஊரு இன்னாம்மா சொல்லும்? நீ வேலயப் பாரு. மத்தத மாதா பாத்துப்பாங்க."

"மாதா பாத்துப்பாங்கண்ணே. ஆனா மாதா கட்டிகினு கீற பொடவ நைலான்."

நான் வாயை அடக்கியிருக்கலாம். ஏனென்றால் மாதாவுக்குப் புடவை உடுத்துவது முப்பது வருடமாக என் மாமியாரின் வேலை. மாதா சபைப் பெண்களோடு அவர் தேருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். யாரோ நேர்ச்சையாகக் கொடுத்த நீலப் புடவை அது. அசல் பட்டு என்று அவர்தான் கையில் தடவிப் பார்த்து எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

நாற்பது பேர் எதிரில் மருமகள் அதை நைலான் என்கிறாள். மாமியார் புடவையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஏணியில் ஏறினார். மாதாவின் காலடியில் புடவையின் உள்மடிப்பைத் திருப்பி, ஒரு நூலை உருவினார். இறங்கி, கற்குகை மாதிரி கட்டிய கெபியின் முன் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியில் அந்த நூலைக் காட்டினார். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், விரலால் தேய்த்தால் பொடியாகிவிடும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது தெரியும். நூல் கருகவில்லை. சுருண்டது, உருகியது, சின்ன மணியாகத் திரண்டு அவர் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. அவர் கையை உதறினார், அது போகவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

பிறகு செயலாளரைப் பார்த்துச் சொன்னார்:

"எறக்குங்க. அவங்க ஒடம்புல இத்த சுத்திட்டு அடியில நெருப்பு வெக்கச் சொல்றியா நீ?"

அவர் சொன்னால் கமிட்டியில் மறுபேச்சில்லை. எட்டு ஆண்கள் மாதாவை இறக்கினார்கள். மாமியார் புடவைக் கரையைப் பிடித்தபடி கூடவே நடந்து, பக்கத்துத் தாழ்வாரத்தில் மேசைமேல் நிற்கவைத்தார். சில பெண்கள் அழுதார்கள். தெர்மாகோல் மேகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிய இளைஞர்கள் என் காதில் விழும்படியாகவே ஏதோ சொன்னார்கள். விழட்டும் என்று நான் இரும்பின் பெயின்ட்டைத் தேய்த்து எடுக்க ஆரம்பித்தேன்.

வேலைக்கு எல்லாம் தயாரானபோது கழுத்தில் கை வைத்தேன். கோயிலில் ஆணி இல்லை. நாற்பது பேர், அதுவும் மாதாவுக்கு எதிரில். நிமிர்ந்தால் மாமியார் என் முன்னால் நிற்கிறார், உள்ளங்கையை விரித்துக்கொண்டு. விரல் நுனி சிவந்து கொப்பளித்திருந்தது.

"கயட்டிக் குடு. நான் வெச்சிக்கிறேன்."

சங்கிலியைக் கழற்றினேன். தாலியை அவர் கையில் வைத்ததும் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த நிமிடம் எனக்கு இருந்த பெருமையை எந்தச் சர்டிபிகேட்டும் தந்ததில்லை.

பிறகு வேலை. கீழே காய்ந்த பலகை போட்டு அதன்மேல் இருந்துதான் செய்தேன், காலைத் தூறலில் நனைந்த தரை இன்னும் ஈரமாக இருந்தது. கரண்டு மிஷினுக்குத் திரும்பும் எர்த் கிளாம்பைப் பின்சக்கரத்துப் பக்கம் மாட்டப் போன சீரியல் லைட்டு எலக்ட்ரீஷியனைத் தடுத்து, விரிசலுக்கு ஒரு சாண் தள்ளி நானே மாட்டினேன். தூரத்தில் மாட்டினால் கரண்டு சக்கரத்துப் பேரிங் வழியாகச் சுற்றிப்போய் அதைத் தின்றுவிடும். மேடையின் அடியில் நனைத்த சாக்குகளைக் கட்டினேன். மணல் வாளி ஒருபக்கம், தண்ணீர் வாளி ஒருபக்கம். குறுக்குச் சட்டம் உள்ளே காலியான சதுரக் குழாய், அதன் வாயையும் எட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பிறகு முகமூடியை இறக்கி, "கண்ணு!" என்று குரல் கொடுத்தேன். நாற்பது பேரும் சுவர் பக்கம் திரும்பினார்கள். சாமியாரும் திரும்பினார். செயலாளர் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டே திரும்பினார்.

விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் முனையில் ஓட்டை போட்டு, அடிவரை இரும்பு நிரப்பி, கசடைத் தட்டி, மறுபடி ஓட்டி, மேலே ஒரு தகடும் வைத்தேன். நல்ல வெல்டு. மீன் செதிள் அடுக்கியதுபோல வரிவரியாக இருந்தது. அடித்துப் பார்த்தேன், கணீரென்றது. கை தட்டினார்கள். மாதாவைத் தூக்க எட்டுப் பேரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றேன்.

அங்கே எழுந்த முணுமுணுப்பை எழுத வேண்டாம், கோயில் வளாகம் அது. அலங்காரத்தை மறுபடி செய்ய வேண்டும், நேரமில்லை, வெல்டுதான் முடிந்துவிட்டதே. நான் வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். சலித்துப்போய்க் கூட்டம் டீ குடிக்கக் கலைந்தது. மாமியார் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேலதான் முடிஞ்சிச்சே. இன்னும் இன்னாத்துக்கு குந்தினு கீற?"

பல வருடத்தில் முதல் முறையாகக் கேட்டார். அதனால் சொன்னேன். எண்ணூர் ஷெட்டில் வெல்டிங் முடிந்தபிறகு காவல் உட்காரத் தனி ஆள் இருந்தார். சொந்தக் கடை போட்டதும் அந்த ஆள் இல்லை, நானும் அதை யோசிக்கவில்லை. முதல் வருடம் எம்.கே.பி. நகரில் ஒரு வீட்டில் ஜன்னல் கிரில் வேலை. முடித்து, துடைத்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பீரோவுக்குப் பின்னால் ஒரு பழந்துணி மூட்டை இருந்திருக்கிறது. என் பொறி ஒன்று அதில் போய் ஒளிந்துகொண்டு, இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாததுபோல இருந்து, பிறகு எரிந்திருக்கிறது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தீயை அணைத்திருந்தார்கள். பீரோவை ஒட்டித் தூளி கட்டியிருந்தது. தூளிப் புடவையில் பாதிதான் மிச்சம். குழந்தையை அதன் சித்தி கடைக்குத் தூக்கிப் போயிருந்ததால் தூளி காலி. அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. எரிந்த தூளியை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

"இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லாம கீற" என்றார் மாமியார்.

"வெக்கமா இருந்துச்சு அத்த. நல்லா வேல செய்றவன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவர் முந்தானை முடிச்சின்மேல் கையை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். கண்ணைத் துடைத்தாலும் வெல்டு வைத்த இடத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அதில் எனக்கு ஒரு வீம்பு.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்த இடம் ஆறிக்கொண்டுதான் இருந்தது. மாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க இன்னா பொகையுது?"

சட்டத்தின் மறுகோடி. மெல்லிசாக, ஊதுபத்திப் புகை மாதிரி, சதுரக் குழாயின் மறுவாயிலிருந்து வந்தது. ஓடிப்போய் டார்ச் அடித்தேன். குழாய்க்குள் மெழுகுவர்த்தித் துண்டுகள். தேரில் ஏற்றும் மெழுகுவர்த்தியின் அடிக்கட்டையைக் கீழே போடக் கூடாது, அது மாதாவின் மெழுகு, மிதிபடக் கூடாது. அதனால் கைக்கு எட்டிய குழாய்க்குள் சொருகியிருக்கிறார்கள், பக்தியோடு, வருடா வருடம். கூடவே காகிதப் பூவும் தீக்குச்சியும். நான் ஒரு வாயைப் பார்த்தேன், மறுவாயைப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது, இங்கே எழுதி வைக்கிறேன். உள்ளே ஒளிந்திருந்த பொறி காகிதத்தைப் பிடித்து, மெழுகுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேலே இருக்கும் மேடையில்தான் மாதா நிற்பார். எட்டுப் பேர் தூக்கி நிறுத்தியிருந்தால் இந்நேரம் மேகங்கள் எல்லாம் மறுபடி ஏறியிருக்கும்.

உருகிய மெழுகில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சீறிக்கொண்டு முகத்தில் அடிக்கும். மணலை அள்ளிக் குழாய் வாயை அடைத்து, மேலே நனைத்த சாக்கைப் போட்டு அழுத்தினேன். மாமியார் என் பக்கத்தில் மண்டி போட்டு இன்னொரு சாக்கைப் பிடித்துக்கொண்டார். டீ குடித்துவிட்டுச் செயலாளர் திரும்பி வந்தபோது இரண்டு பொம்பளைகள் தேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தோம். புகை அடங்கியதும் கம்பியால் மெழுகை நோண்டி எடுத்தேன். ஒரு சட்டி நிறைய வந்தது. செயலாளர் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கிரேன் ஓட்டியவர், அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்புறம்? ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் என் கதை. மெழுகு எடுத்த நேரத்திலிருந்து மறுபடி ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்தேன், இந்தமுறை யாரும் முணுமுணுக்கவில்லை. மாதா அந்த நேரத்தில் ஒரு வெள்ளைப் பருத்திப் புடவைக்கு மாறினார். மறுநாள் தேர் தெருத்தெருவாகப் போய்வந்தது. தீப்பிடிக்காத தேரை யாரும் பேப்பரில் போட மாட்டார்கள். நான் கூட்டத்தோடு நடந்தேன். என் சட்டம் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் ஏறி இறங்குவதை என் முதுகெலும்பில் கேட்டேன்.

நான்கு வருடம் ஆகிவிட்டது. பழைய தேர், ஆண்டுதோறும் எங்காவது ஒரு வெல்டு கேட்கும். முதலில் என் வேலை, பிறகு ஒரு மணி நேரம், அதன்பிறகுதான் மாதா ஏறுவார். அதுவரை தாழ்வாரத்தில் மேசைமேல் காத்திருப்பார். சும்மா உட்கார வேண்டாமே என்று சாமியார் அந்த நேரத்துக்குச் செபமாலை தொடங்கிவைத்தார். இப்போது ஊரே வந்து உட்காருகிறது.

இந்த வருடம் மணலி புதுநகரிலிருந்து எங்கள் பங்குக்குக் குடிவந்த ஒரு பெண், மாதாவை ஏன் இங்கே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று பக்கத்தில் இருந்த செயலாளரின் மனைவியிடம் கேட்டாள். அந்த அம்மா செபமாலையை உருட்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "அது நம்ம கோயில்ல ஆதியிலேர்ந்து வர்ற வயக்கம்மா."

வாளிக்குப் பக்கத்தில் இருந்த என் காதில் அது விழுந்தது. எழுந்து மாமியாரிடம் போய்த் தாலிக்குக் கையை நீட்டினேன். அவர் முடிச்சை அவிழ்க்கவில்லை. கோயில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா? இன்னும் பத்து நிமிசம் கீது. போய் குந்து."

போய் உட்கார்ந்தேன்.